கம்பேரிஸன் ஹாலாஸ்யம்

ஒப்பிட்டுப் பார்ப்போர் என்று ஓர் இனம் நம் நடுவே உலவுகிறது. மதுரையில் கொஞ்சம் தாராளமாகவே உலவுகிறது. கண்டுபிடிப்பது சுலபம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் நீங்கள் சும்மா ஒரு பேச்சுக்கு, "சாம்பார் நல்லாருக்குல்ல?" என்று கேட்கிறீர்கள். அவர் பிசைந்த கையைச் சோற்றிலேயே நிறுத்தி, கண்ணைச் சுருக்கி, மோவாயைத் தூக்கி, "எதோட ஒப்பிடும்போது?" என்று திருப்பிக் கேட்கிறார். முடிந்தது. அதற்கப்புறம் ரசம் வரும், மோர் வரும், இலையை மடிக்கிற நேரமும் வரும். போன தை மாதக் கல்யாணத்துச் சாம்பாருக்கும் இந்தச் சாம்பாருக்கும் பருப்பில் உள்ள பேதம் மட்டும் முடிவுக்கு வராது.

இவர்களைக் கஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்கு விலை குறைந்தால் போதும், வாங்கிவிடுவான். சந்தேகப் பிராணிகள் என்றும் நினைக்காதீர்கள். சந்தேகப் பிராணிக்கு ஏமாற்றுகிறவன் ஒருவன் வேண்டும். இவருக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு பொருள் இருந்தால், அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு பொருள் வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இரண்டும் வந்துவிட்டால் மூன்றாவது. மூன்றும் வந்துவிட்டால் ஒரு அட்டவணை.

எங்கோ இருக்கிறவரைச் சொல்லி என்ன பயன்? கோச்சடையில் இருக்கும் ஹாலாஸ்யத்தையே எடுத்துக்கொள்வோம். குழாய்த் திட்டங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு தனியார் ஆபீஸில் மூத்த இஞ்சினியர். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா, மனசில் யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். ஆபீஸில் அவருக்குப் பெயர் கம்பேரிஸன் ஹாலாஸ்யம். அது கேலி என்று அவருக்குத் தெரியாது. பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மிக்ஸி ரிப்பேரானது ஆடி மாதத்தில். புதிது வாங்கலாம் என்று மனைவி நாகலக்ஷ்மி சொன்னதுதான் தாமதம், ஹாலாஸ்யம் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். மோட்டார் எவ்வளவு, ஜார் எத்தனை, பிளேடு எந்த எஃகு, சத்தம் எவ்வளவு, கேரண்டியில் கைப்பிடி சேர்த்தியா சேர்த்தியில்லையா என்று அட்டவணை வளர்ந்துகொண்டே போக, நாகலக்ஷ்மி தினமும் தேங்காயையும் பொட்டுக்கடலையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மைத்ரேயியிடம் போய்ச் சட்னி அரைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன்னா, இன்னிக்காவது முடிவாச்சா?"

"ரெண்டுல வந்து நிக்கறது. ஒண்ணு அரைக்கறதுல உசத்தி. இன்னொண்ணு கழுவறதுல உசத்தி."

"போன வாரமும் ரெண்டுதானே சொன்னேள்?"

"அது வேற ரெண்டு."

ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் மைத்ரேயி தன் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து நாகலக்ஷ்மியின் சமையல்மேடையில் வைத்துவிட்டு, "மாமி, இத நீங்களே வெச்சுக்கோங்கோ, நான் புதுசு வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாங்கியது ஹாலாஸ்யத்தின் அட்டவணையில் இல்லாத மிக்ஸி. ஹாலாஸ்யம் அன்று இரவே அதையும் சேர்த்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒப்பிடும்போது அவர் அடைகிற ஆனந்தம் நிஜமான ஆனந்தம். ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால் மற்றதையெல்லாம் கைவிடுவது அல்லவா? அந்த நிமிஷத்தை நினைத்தாலே அவருக்கு நெஞ்சு கனக்கும். நாலு பொருளும் வரிசையாக நின்று, நாலும் நம்பிக்கையோடு தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும்போது ஒன்றைக் கூப்பிட்டு மூன்றை வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனம் வராது. நல்ல மனசு. நல்ல மனசுக்காரரிடம்தான் வால்வு வந்து மாட்டிக்கொண்டது.

வால்வு என்றதும் பயப்படாதீர்கள். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீரை நிறுத்த ஒரு திருகு இருக்கிறதே, அதற்குப் பெரியப்பா முறை. ஊருக்கே தண்ணீர் போகிற பெரிய குழாயில் உட்கார்ந்துகொண்டு, திறந்தால் விடுவார், மூடினால் நிறுத்துவார். அவர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் தேசத்துக்குத் தேசம் விதிப்புத்தகம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் ஸ்டாண்டர்ட் என்று பெயர். அமெரிக்காவில் எண்ணெய் சுத்திகரிக்கிறவர்கள் ஒன்று போட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் ஒன்று. ஜெர்மனிக்காரர்கள் ஒன்று. நம் நாட்டிலும் குடிதண்ணீர்க் குழாய்க்கென்றே ஒன்று இருக்கிறது. அந்த விதிப்படி செய்த வால்வு மதுரையில் கடையிலேயே கிடைக்கும். சுற்றுவட்டாரத்தில் முக்கால்வாசி ஊரில் அதுதான் மண்ணுக்குள் இருந்துகொண்டு வேலை பார்க்கிறது.

"எல்லாரும் போடறாங்கிறது ஒரு காரணமா?" என்றார் ஹாலாஸ்யம்.

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. கேட்ட இடம்தான் சரியில்லை. பேரையூருக்குத் தெற்கே சோணைப்பட்டி என்று ஒரு ஊர். அங்கே மேல்நிலைத் தொட்டி கட்டியாகிவிட்டது. குழாய் பதித்தாகிவிட்டது. தெருக்குழாய்களுக்கு நீலப் பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது. தொட்டிக்குக் கீழே ஒரே ஒரு எட்டு இஞ்ச் வால்வு வைக்க வேண்டும். எந்த வால்வு என்று ஹாலாஸ்யத்தின் ஆபீஸ் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு மறுவாரம் அந்த வேலை அவர் மேஜைக்கு வந்தது. வால்வு வரும்வரைக்கும் ஊருக்கு லாரித் தண்ணீர்தான், அதுவும் லாரி டிரைவருக்கு மனசிருந்தால்.

சோணைப்பட்டியின் ஊராட்சித் தலைவர் ஒச்சாயி. அப்பா அம்மா காலம்வரை அடுத்தவர் காட்டில் களை எடுத்த குடும்பம். இன்று சொந்தமாக நாலு மாடு, கையில் பஞ்சாயத்து முத்திரை, குரலில் மைக் தேவைப்படாத வளம். தேர்தலில் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கு: குழாயில் தண்ணீர். அதற்கு நாளும் குறித்துவிட்டார். மாசி சிவராத்திரி.

அந்தப் பக்கத்தில் மாசி சிவராத்திரி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் குலசாமி கும்பிட வந்து இறங்குகிற நாள். இருநூறு பேர் இருக்கிற தெருவில் ஆயிரம் பேர் பல் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"சார், ஒச்சாயி பேசுறேன். வால்வு வந்துருச்சா?"

"இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம்மா."

"எம்புட்டு நாளைக்கு சார் பாப்பீக? பொண்ணு பாக்கக்கூட ரெண்டு தடவதான போவாக."

"இது பொண்ணு மாதிரி இல்லம்மா. இருபது வருஷம் உழைக்கணும்."

"பொண்ணு மட்டும் உழைக்கலையாக்கும்? சார், நான் ஊரு முன்னால நின்னு சொல்லிப்புட்டேன், இந்த வருசம் சிவராத்திரிக்குக் குழாயில தண்ணி வரும்னு. திருப்பூரு, மெட்ராசுன்னு எங்க சனம் அம்புட்டும் வந்து எறங்கும். வரலைன்னா என் மூஞ்சியக் கொண்டுபோயி எங்க வைக்க?"

போனை வைத்ததும் ஹாலாஸ்யத்துக்கு மனசு உறுத்தியது. பாவம், நல்ல பொம்பளை, அவசரப்பட்டு ஏதோ ஒன்றைக் கொடுத்து அவரை ஏமாற்றக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டு, ஜெர்மன் புத்தகத்தை வரவழைத்தார்.

அட்டவணை பதினைந்து கட்டத்தில் ஆரம்பித்தது. உடம்பின் தடிமன் ஒரு கட்டம், தண்டின் உலோகம் ஒரு கட்டம், கைச்சக்கரத்தின் விட்டம் ஒரு கட்டம். அமெரிக்கப் புத்தகத்தில் தீச்சோதனை என்று ஒன்று இருப்பதைக் கண்ட அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்கே எழுந்திருக்கவில்லை. நெருப்பில் வாட்டினாலும் வால்வு ஒழுகக் கூடாதாம். என்ன ஒரு தொலைநோக்கு! பக்கத்து மேஜை இஞ்சினியர் முத்துமீனாவைக் கூப்பிட்டுக் காட்டினார். முத்துமீனா உசிலம்பட்டிக்காரர், கணவர், குழந்தை, டவுன் பஸ் எல்லாவற்றையும் சமாளித்துவிட்டு வருகிறவர் என்பதால் எதற்கும் சட்டென்று அதிர்ந்துபோக மாட்டார்.

"சார், தண்ணிக் குழாயில எப்படி சார் தீப்பிடிக்கும்?"

"பிடிக்காதுன்னு எந்த ஸ்டாண்டர்ட்ல போட்டிருக்கு?"

முத்துமீனா யோசித்துப் பார்த்தார். எதிலும் போடவில்லைதான். இந்த வியாதி தொற்றும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் அவரே தீச்சோதனைக்கு ஒரு கட்டம் சேர்த்து, தேர்ச்சி பெற்றதற்குப் பச்சை, பெறாததற்கு மஞ்சள், எழுதாததற்கு ரோஸ் என்று நிறமும் கொடுத்திருந்தார். அட்டவணை பார்ப்பதற்குச் சித்திரைத் திருவிழாப் பந்தல் மாதிரி ஆனது. ஆபீஸே வந்து வேடிக்கை பார்த்தது. முதலாளி கிரிதர்கூட, "அடடா" என்றார். நம்மூர் வால்வு முதல் வரிசையில் மஞ்சளும் ரோஸுமாக, ஏழை வீட்டுப் பையன்போல ஓரமாக உட்கார்ந்திருந்தது.

கட்டம் முப்பதைத் தொட்டபோது மாசி பிறந்துவிட்டது. ஒச்சாயியின் போன் இப்போது கிரிதருக்கே போக ஆரம்பித்தது. அவர் என்ன கேட்டாரோ, கிரிதர் வெளியே வந்து ஹாலாஸ்யத்தின் மேஜை முன்னால் நின்றார்.

"ஹாலாஸ்யம் சார், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எதுன்னு சொல்லணும். இல்லைன்னா நாலு வால்வு பேரையும் சீட்டுல எழுதிக் குலுக்கி எடுத்துருவேன்."

சீட்டுக் குலுக்குவதா! அன்று ஹாலாஸ்யத்துக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் குளித்து, விபூதி இட்டு, பச்சைக் கட்டங்களை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் எண்ணி, அமெரிக்க வால்வு என்று அறிவித்தார். சொன்ன பிறகும் பிரிட்டிஷ் வால்வை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார். கோயம்புத்தூரில் சொல்லி வைத்து, அவசரம் அவசரமாக லாரியில் ஏற்றி, வால்வு சோணைப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது சிவராத்திரிக்கு முதல் நாள் காலையில்.

அதைப் பூட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஹாலாஸ்யமே முத்துமீனாவை அழைத்துக்கொண்டு காரில் போனார். ஊரில் பாதிப் பேர் தொட்டியடியில் கூடியிருந்தார்கள். முதல் பஸ்ஸில் வந்திறங்கிய திருப்பூர்ச் சனமும் பையோடு நின்றது. ஒச்சாயி புதுச்சேலை கட்டியிருந்தார். சிவப்புப் பெயின்ட் அடித்து, கனமும் கம்பீரமுமாக இருந்த வால்வை அவர் கையால் தட்டிப் பார்த்தார்.

"நல்லா உருட்டுக்கட்டையாத்தான் சார் இருக்கு."

"எண்ணெய் ஆலையில போடறதும்மா இது. தீப்பிடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது."

"அதுசரி. தண்ணி வருமுல்ல?"

நாலு பேர் சங்கிலி போட்டுத் தூக்கி, வால்வைக் குழிக்குள் இறக்கினார்கள். குழாயின் முனையில் வட்டத் தகடு ஒன்று இருக்கும். வால்வின் முனையிலும் இருக்கும். இரண்டையும் ஒட்டி வைத்து, ஓட்டைக்குள் போல்ட்டை விட்டு முறுக்க வேண்டும். ஒரு போல்ட் போனது. அடுத்தது போகவில்லை. வால்வைக் கொஞ்சம் திருப்பினார்கள். இப்போது அது போனது, முதலாவது வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார்கள்.   ஒச்சாயி குனிந்து பார்த்து, விரலால் எண்ணினார்.

"சார், குழாயில பன்னெண்டு ஓட்டை இருக்கு. ஒங்க வால்வுல எட்டுதான இருக்கு?"

அமெரிக்கப் புத்தகத்தில் அந்த அளவுக்கு எட்டு. ஆறு மாதமாக மண்ணுக்குள் படுத்திருக்கும் குழாயில் பன்னிரண்டு. ஹாலாஸ்யம் பையைத் திறந்து அட்டவணையை எடுத்தார்.  முப்பது கட்டத்தையும் விரல் வைத்துத் தேடினார். வால்வுக்கும் வால்வுக்கும் தடிமன் பார்த்திருந்தார். வால்வுக்கும் வால்வுக்கும் நீளம் பார்த்திருந்தார். ஓட்டைகளைக்கூட வால்வுக்கும் வால்வுக்கும் பார்த்து, எண்ணிக்கை குறைவாக இருந்தால் முறுக்குவது சுலபம் என்று பச்சை கொடுத்திருந்தார். அது போய்ச் சேர வேண்டிய குழாய்க்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை. நாலு தேசத்து வால்வுகளையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்த மனிதர், அவற்றோடு குடித்தனம் நடத்த வேண்டிய குழாயை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, ஒச்சாயியின் புதுச்சேலையைப் பார்க்க இன்னும் வெட்கமாக இருந்தது.

பிறகு அவர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? மன்னிப்புக் கேட்டாரா? கேட்க வாயைத் திறந்தார்தான். வந்தது வேறு.

"இதுக்கு மூணு வழி இருக்கும்மா. குழாய் முனையை வெட்டி மாத்தலாம். நடுவுல ஒரு இணைப்புத்துண்டு செய்யலாம். வால்வைத் திருப்பி அனுப்பலாம். மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான்..."

சொல்லிக்கொண்டே போய் வேப்பமரத்தடியில் காரின் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்து, பேனாவை எடுத்துக் கோடு கிழிக்க ஆரம்பித்துவிட்டார். முத்துமீனா பக்கத்தில் நின்று நிறப்பேனாவை நீட்டினார்.

ஒச்சாயி இரண்டு பேரையும் ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு போனை எடுத்தார். அந்தப் பக்கம் அடுத்த ஊர் ஊராட்சித் தலைவர் அழகுபாண்டி.

"அண்ணே, ஒங்க ஊரு லைனுக்கு ஆத்திரம் அவசரத்துக்குன்னு வால்வு ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தீகளே, கெடக்கா? அத இப்பக் குடுங்கண்ணே. எங்களுக்குப் புதுசு வந்ததும் தந்துர்றேன்."

"ஏத்தா, அண்டா குண்டா கேக்குற மாதிரி வால்வக் கேக்குற?"

"சாமி கும்புட சனம் வந்துருச்சுண்ணே. இந்நேரம் அண்டாவ வாங்கி என்ன செய்ய, அதுல ஊத்தத் தண்ணி வேணாமா? ஓட்டை எத்தனைன்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க."

பன்னிரண்டு. குட்டியானை வண்டியில் அது வந்து இறங்கியபோது ஹாலாஸ்யம் இரண்டாவது வழியின் சாதகங்களில் இருந்தார். பூட்டி முடித்தபோது அதன் பாதகங்களில் இருந்தார். திடீரென்று தெருப்பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. நீலக் குழாய் முதலில் இருமியது, அப்புறம் செம்மண்ணாகத் துப்பியது, அப்புறம் வெள்ளையாக ஊற்றியது. திருப்பூர்ச் சனம் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடியது. ஒச்சாயி ஒரு செம்பில் பிடித்து முதலில் குலசாமி இருக்கும் திசைக்குக் கொஞ்சம் தெளித்தார், மிச்சத்தைத் தானே குடித்தார். அழுதார் என்றுகூடச் சொல்லலாம். முகத்தில் தண்ணீர் நிறைய இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஹாலாஸ்யம் குழியருகே போய்ப் பார்த்தார். நம்மூர் வால்வு. அட்டவணையில் முதல் வரிசையில் மஞ்சளும் ரோஸுமாக இருந்ததே, அதே வால்வு. தொட்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஒழுகாமல் உட்கார்ந்திருந்தது.

சோணைப்பட்டியில் அமெரிக்க வால்வு இன்றும் இருக்கிறது. பஞ்சாயத்து ஆபீஸ் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். நல்ல கனம். ஆபீஸ் தீப்பிடித்தாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

கார் திருமங்கலம் தாண்டியதும் ஹாலாஸ்யம் அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தார்.  

"முத்துமீனா, தப்பு நம்ம மேலதான்."

"ஆமா சார்."

"குழாய்க்குன்னு ஒரு கட்டம் இல்லாமப் போச்சு. அடுத்த தடவை சேத்துரணும். முப்பத்தியொண்ணாப் போட்டுரலாம்."

முத்துமீனா நிறப்பேனாக்களைப் புரட்டிப் பார்த்தார்.

"அதுக்கு ஊதா வெச்சா எடுப்பா இருக்கும் சார்."

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்கள் மனசுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மிக்ஸி வந்த இடத்தில் மச்சானை நினைத்தீர்கள். அட்டவணை வந்த இடத்தில் ஆபீஸில் இருக்கிற அந்த மனிதரை நினைத்தீர்கள். செருப்பு வாங்க ஏழு கடை ஏறி இறங்குகிற சித்தப்பாவை நினைத்தீர்கள்; அவருக்கும் ஹாலாஸ்யத்துக்கும் யார் பெரிய ஆள் என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தீர்கள். தெரிந்தவர்கள் ஒருவரையும் விடாமல் இழுத்துவந்து ஹாலாஸ்யத்தின் பக்கத்தில் நிறுத்தி, உயரம் பார்த்து, அகலம் பார்த்து, மனசுக்குள் பச்சையும் மஞ்சளும் அடித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அந்த வரிசையில் ஒரே ஒரு ஆளை மட்டும் நிறுத்த மறந்துவிட்டீர்கள். யார் என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்; எதோடும் ஒப்பிடாமல் உடனே சொல்வார்கள்.